தேக்கா கறிக்கடையும் பொங்கல் மாட்டுக்கொட்டிலும்: ஓர் ஆட்டுத் தரகரோடு போய்வந்த கதை

"ஏய்யா, இந்த ஊர்ல சந்தை என்னைக்குக் கூடும்?"

சிங்கப்பூரில் விமானத்திலிருந்து இறங்கி, ஈசூனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, குளித்து, ரெண்டு தோசை உள்ளே போனதும் அய்யா கேட்ட முதல் கேள்வி. "இங்க சந்தை கூடாதுய்யா" என்றேன். கூடுவதும் இல்லை, கூடவும் கூடாது. எப்படி எடுத்துக்கொண்டாலும் சரியான பதில்தான். அவர் முதல் அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "அப்ப கறி எங்கேருந்து வருது?" என்றார்.

அய்யா, அதாவது என் அப்பா, எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் தரகர். சனிக்கிழமை இருட்டோடு கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும் சந்தை அது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தின சனிக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது. சின்னப் பையனாக அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் புழுக்கை வாசத்தில் நின்றிருக்கிறேன். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் மறையும். பிடித்த விரல் எத்தனையோ அத்தனை. நூறா ஆயிரமா என்பது நிற்கிற ஆட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாயால் யாரும் விலை சொல்வதில்லை. சுற்றி நிற்கிற இருபது பேருக்குத் தெரியாமல் ஒரு பேரம் முடியும், அல்லது முறியும். துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தால் எனக்குத் தலையில் குட்டு விழும். படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு என்பார். படித்தேன். இங்கே லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். விரல் பிடிக்க மட்டும் தெரியாது.

லிட்டில் இந்தியாவின் தேக்கா கறிக்கடைகளில் நான் பன்னிரண்டு வருடமாகக் கறி வாங்குகிறேன். ஆனாலும் அய்யாவோடு போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்திருக்கிறவர்களுக்கும், புதிதாக வந்து கறி எங்கே வாங்குவது என்று விழிக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போகிற வழி எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு ஈசூனில் ஏறி நியூட்டனில் மாறி, அங்கிருந்து ஒரே ஸ்டேஷன். லிட்டில் இந்தியாவில் இறங்கி மேலே வந்தால் பக்கத்திலேயே பஃபலோ ரோடு, அதை ஒட்டித் தேக்கா நிலையம். 1982இல் திறந்தபோது இதற்கு ஜூஜியாவ் நிலையம் என்று சீனப் பெயர். அந்தப் பெயர் மக்கள் வாயில் நுழையவே இல்லை. 2000இல் தேக்கா என்றே மாற்றிவிட்டார்கள். அதுவும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்ததுதான், சிறு மூங்கில்களின் அடி என்று அர்த்தம். நம் ஆட்கள் சொல்லிச் சொல்லி அது தமிழ்ப் பேர் மாதிரி ஆகிவிட்டது.

ஏழு மணிக்கெல்லாம் உள்ளே இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு மேல் போனால் தள்ளுவண்டிக்குள் மாட்டிக்கொண்டு நகர முடியாது. திங்கட்கிழமை போகாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். மத்தியானத்துக்கு மேல் போனாலும் மீதி எலும்புதான். இவ்வளவுதான் நேரம் பற்றிச் சொல்ல இருப்பது.

கறிக்கடை வரிசைக்கு வந்ததும் அய்யா நின்றுவிட்டார். இரும்புக் கொக்கியில் வரிசையாகத் தொங்கும் ஆடுகள், கீழே வெள்ளை ஓடு, கழுவிவிட்ட தரை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை இந்தக் கோடிவரை, ஒரு நடை அந்தக் கோடிவரை. சந்தையிலும் அப்படித்தான் நடப்பார். முதல் சுற்றில் எந்த ஆட்டையும் தொட மாட்டார். எதைப் பார்க்கிறார் என்று விற்கிறவனுக்குத் தெரியக் கூடாதாம்.

திரும்பி வந்து என் காதருகே சொன்னார்: "ஈ இல்லடா."

"சுத்தமா வச்சிருக்காங்கய்யா."

"ஈயே மொய்க்காத கறியை எப்படி நம்பி வாங்குறது? மருந்து கிருந்து போட்டிருந்தா?"

இதற்கு நான் என்ன சொல்ல! இறைச்சி எந்த நாட்டிலிருந்து, எந்த அறுப்புக்கூடத்திலிருந்து வரலாம் என்பதற்கெல்லாம் சிங்கப்பூர் உணவு அமைப்பின் அங்கீகாரம் வேண்டும், பெட்டி பெட்டியாகக் குளிரூட்டி விமானத்தில் வருகிறது என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்பவில்லை என்பது தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது.

நான் வழக்கமாக வாங்கும் பாய் கடைக்குக் கூட்டிப்போனேன். பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். இங்கேயே பிறந்தவர், தாத்தா கடையநல்லூர். தேக்காவில் கொஞ்ச நேரம் நின்றால் கடையநல்லூர், தென்காசித் தமிழ் காதில் விழாமல் இருக்காது. அய்யா தொங்குகிற ஆட்டின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் வந்து பார்த்தார்.

"வாலைக் காணோமே?"

"என்ன பெரியவரே?"

"வாலுய்யா. வால் இருந்தாத்தானே இது வெள்ளாடா செம்மறியான்னு தெரியும்?"

ஊரில் கறி வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும். தோலை முழுக்க உரித்தாலும் வால் நுனியில் கொஞ்சம் ரோமத்தை விட்டுவைப்பார்கள். வெள்ளாட்டு வால் குட்டையாக மேலே நிமிர்ந்திருக்கும், செம்மறி வால் கீழே தொங்கும். எந்த ஆட்டுக்கு எந்த விலை என்று வாங்குகிறவர் கேட்காமலே தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் சாட்சி. இங்கே தொங்கிய ஆடுகளில் வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குமிழ்தான்.

பாய் சிரித்தார். "இது செம்மறிதான் பெரியவரே. ஆஸ்திரேலியா. அங்க குட்டியா இருக்கும்போதே வாலை வெட்டிருவாங்க. வாலு நீளமா இருந்தா பின்னாடி கழிசல் ஒட்டி, ஈ வந்து முட்டை வச்சு, புழு வச்சிரும்."

அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அங்க ஈ இருக்கு" என்றார், ஏதோ ஒரு பாரம் இறங்கினாற்போல.

அதன்பிறகுதான் அவர் கைகளை முன்னால் கொண்டுவந்தார். கறியை வெறுங்கையால் தொட விடமாட்டார்கள். கேட்டால் பாய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து கையில் மாட்டிக்கொள்ளச் சொல்வார், எல்லாக் கடையிலும் இது நடக்காது. பையை மாட்டிக்கொண்டு அய்யா செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நான் இதுவரை செய்யாதது. நெஞ்செலும்பின் வெட்டுவாயைப் பார்த்தார். உள்ளே சிவப்பாக, ஈரமாக இருந்தால் இளசு. வெளுத்து, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தால் கிழடு. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை விரலால் அழுத்தினார். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. மஞ்சளடித்து விரலில் பிசுபிசுத்தால் வயசான ஆடு என்றார். பிறகு முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து, இடுப்புவரை ஒரு இழுப்பு இழுத்தார். உயிரோடு இருக்கிற ஆட்டை வாங்கும்போதும் அந்த இடத்தைத்தான் அமுக்கிப் பார்ப்பார். அங்கே எலும்பு குத்தினால் பேரத்துக்கே போக மாட்டார்.

"நாலு பல்லு. ஆறுக்குப் போகல" என்றார்.

தலையே இல்லாத ஆட்டுக்குப் பல் சொல்கிறாரே என்று பாய்க்கு ஆச்சரியம். எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையில் எட்டு. பால்பல் விழுந்து நிலையான பல் இரண்டிரண்டாக முளைக்கும், ஒன்றேகால் ஒன்றரை வயதில் முதல் ஜோடி. அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கம் வயசு சொல்வார்கள்: பல் போடாத குட்டி, ரெண்டு பல்லு, நாலு பல்லு. வருடக்கணக்கில் யாரும் சொல்வதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் ஆஸ்திரேலியாவிலும் அதே கணக்குத்தான். நிலையான முன்பல் வந்து வரிசைக்குச் சமமாக நிற்காதவரை அது 'லேம்ப்', அதைத் தாண்டிவிட்டால் அந்தப் பெயரில் விற்க முடியாது. 2019இல் அந்த விதியைத் திருத்தியபோதும் பல்லை விடவில்லை. முன்பு பல் முளைத்தாலே போச்சு, இப்போது அது வளர்ந்து வரிசைக்கு வரும்வரை அவகாசம் உண்டு. இதை அய்யாவிடம் சொன்னதும், "வெள்ளைக்காரனுக்கும் பல்லுதானா?" என்று கடை அதிரச் சிரித்தார். ஆகவே தேக்காவில் 'லேம்ப்' என்று எழுதியிருந்தால் நம்மூர்க் கணக்கில் பல் போடாத குட்டி, 'மட்டன்' என்றால் பல் போட்டது. வறுவலுக்கு முதலாவது, குழம்புக்கு இரண்டாவது. குட்டிக்கறியைக் குக்கரில் ஐந்து விசில் விட்டுக் கரைத்துவிட்டு, கறி சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

பாய்க்கும் உற்சாகம் வந்துவிட்டது. "சரி, எடை சொல்லுங்க பாப்போம்" என்றார்.

அய்யா ஒரு கண்ணைச் சுருக்கினார். "இருபத்திரண்டு நிக்கும்."

சீட்டில் இருபத்து மூன்றே காலும் சொச்சமும் இருந்தது. பாய் கை தட்டினார். அய்யாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தலைகீழா தொங்கவிட்டுக் கேட்டா அப்படித்தான். நாலு காலும் தரையில நின்னா கால் கிலோ தப்பாது" என்றவர், எம்.ஆர்.டி. ரயிலில் திரும்பி வரும்போதும் அந்த ஒன்றேகால் கிலோவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

குறைகள் என்று பார்த்தால் முதலில் மின்ரம்பம். நாலு பேர் வரிசையில் நின்றால் கறியை ரம்பத்தில் வைத்துச் சர்ரென்று அறுத்துத் தள்ளிவிடுவார்கள். துண்டுகள் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் மேலும் எலும்புத்தூள் மாவு மாதிரி ஒட்டியிருக்கும். குழம்பில் பல்லுக்கிடையே நறநறவென்று படுவது அதுதான். அய்யா அதைப் பார்த்து, "என்னடா மரக்கடை மாதிரி!" என்றார். கட்டையில் வைத்துக் கத்தியால் வெட்டித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் செய்வார்கள், கொஞ்சம் காக்க வேண்டும். ரம்பத்தில்தான் வெட்டுவோம் என்றால் வீட்டில் மூன்று தண்ணீர் அலசுங்கள்.

இரண்டாவது, சுவரொட்டி (மண்ணீரல்), குடல், தலை எல்லாம் கேட்டவுடன் கிடைக்காது. ஈரல் கிடைக்கும். ஆட்டுக்கால் கிடைக்கும். சுவரொட்டிக்கு முந்தின வாரமே சொல்லிவைத்தாலும் உறுதி கிடையாது. மாசமாக இருக்கிற மகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்து வரும் அம்மாக்கள் ஏமாந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளாட்டுக் கறி சில கடைகளில் உண்டு. வாய் திறந்து கேட்க வேண்டும், விலையும் ஒரு படி மேலே.

மூன்றாவது செம்மறி வாடை. சிலருக்கு அது பிடிக்காது. அய்யா சொன்ன வழி: மேலே படர்ந்திருக்கிற கொழுப்பையும், அதன்மேல் காகிதம் மாதிரி இருக்கிற சவ்வையும் கடையிலேயே உரித்துவிடச் சொல்ல வேண்டும். வாடை பாதி அதோடு போய்விடும். மீதியை மிளகு பார்த்துக்கொள்ளும். என் மனைவி இதுவரை தயிரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சவ்வு உரிக்கும் கட்சிக்கு மாறிவிட்டாள்.

விலை: எலும்போடு ஒன்றரைக் கிலோவுக்கு நான் வழக்கமாகக் கொடுப்பது 36 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பேரங்காடியில் உறைந்த கறி இதைவிடக் குறைவுதான். வித்தியாசம் குழம்பில் தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ரெண்டு வருடம் முன்னால், தீபாவளிக்கு முந்தினநாள் கூட்டத்தில், பாய் கடை வரிசை நீளம் என்று வேறொரு கடையில் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். குளிரூட்டிய கறி என்று சொல்லிக் கொடுத்தது உறைந்து உருகிய கறி. குக்கரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் வைத்தும் அரைக்குக்கர் சிவந்த தண்ணீர். திரும்பிப் போய்க் கேட்கலாம் என்றால் கையில் ரசீது இல்லை, நானும் வாங்கவில்லை. அய்யாவிடம் இதைச் சொன்னபோது அவர் கடைக்காரனைத் திட்டவில்லை. "தெரியாத தரகன்கிட்ட திருநாளைக்கு முந்தின நாள் போனியே, உன்னைச் சொல்லணும்" என்றார்.

தேக்காவில் எந்தக் கடை நல்ல கடை என்று பலர் கேட்கிறார்கள். இங்கே ஆட்டைப் பார்க்க முடியாது, பல்லைப் பிடிக்க முடியாது, நடக்கவிட்டுப் பார்க்க முடியாது. மீதி இருப்பது கடைக்காரர் முகம்தான். ஒரே கடைக்கு ஆறு மாதம் போங்கள். ஏழாவது மாதம் அவரே, "இன்னைக்குத் தொடை வேணாம், முன்னங்கால் எடுத்துக்கங்க" என்பார். அந்த நாளிலிருந்து நல்ல கறி கிடைக்கும்.

அய்யாவுக்குப் பாய் கடையில் ஒரே ஒரு மனக்குறை. விலைப்பலகை. "போர்டுல எழுதிப் போட்டுட்டா அப்புறம் தரகனுக்கு என்ன வேலை?" மார்க் எத்தனை என்று என் மகள் கேட்டாள். அவளுக்குப் பள்ளியில் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம். தாத்தா யோசித்து, "ரெண்டு பல்லு" என்றார். அதுதான் இருப்பதிலேயே உசத்தி, வெட்டுக்கு ஏற்ற வயசு. அவள் எட்டுக்கு ரெண்டா என்று பாயை நினைத்து வருத்தப்பட்டாள்.

கறியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு (மனைவி முன்னால் போய்விட்டாள்) நானும் மகளும் அய்யாவும் மாடு பார்க்கப் போனோம். பொங்கல் சமயத்தில் கேம்பல் லேன் பக்கம் கொட்டில் போட்டு, மாடு, கன்று, ஆடெல்லாம் கொண்டுவந்து கட்டுவார்கள். போகிற வழியில் தெருப்பலகைகளைக் காட்டினேன். இது பஃபலோ ரோடு, எருமைச் சாலை. அடுத்தது கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அந்தப் பக்கம் போனால் லெம்பு ரோடு, லெம்பு என்றால் மாடு. என் மகள் பிறந்த கே.கே. ஆஸ்பத்திரியில் கே.கே. என்பது கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வியாபாரம் செய்த ஒருவர் பெயரில். எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை. ரோச்சோர் ஆற்றோரம் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாடு வந்தது, மாட்டின் பின்னால் பால்காரரும் வண்டிக்காரரும் நம் ஆட்களும் வந்தார்கள். பிறகு சதுப்பை வற்றவைத்து வீடு கட்டினார்கள். மாடு போய்விட்டது, நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

"அப்ப இதுதான்டா சந்தை" என்றார் அய்யா, பஃபலோ ரோட்டில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "கூடாதுன்னியே. கூடியிருக்கு."

மகள் முகத்தில் பெருமை. தாத்தா மட்டும் கேட்ட சந்தேகம்: "எருமை ஆஸ்பத்திரியிலயா எம்பேத்தி பொறந்தா? ஊர்ல சொல்லாத."

கெர்பாவ் ரோட்டில் அந்தப் பல வண்ண வீட்டின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். 1900இல் டான் டெங் நியா என்ற சீன வணிகர் கட்டியது. அய்யாவின் கவனம் அதில் இல்லை. அவருக்கு மாட்டைப் பார்க்க வேண்டும்.

கொட்டிலைப் பற்றி நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல இடம். பால் பெட்டியில் காய்க்கிறது என்று நினைக்கிற வயதில் ஒரு மாடு அசைபோடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது சாதாரணமில்லை. என் மகள் வைக்கோல் வாசத்தை முதலில் முகர்ந்தது அங்கேதான், ஊரில் இல்லை. நாங்கள் போன நேரத்தில் மூன்று மாடு, ஒரு கன்று, நாலைந்து ஆடு. சுத்தமாக வைத்திருந்தார்கள், சாணத்தை உடனுக்குடன் அள்ளினார்கள். காசு கேட்கவில்லை.

ஆனால் கம்பித் தடுப்பைத் தாண்டிப் போக முடியாது. அய்யா தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டின் நெற்றியில் சுழி எங்கே இருக்கிறது என்று பார்க்க அதைத் திருப்ப வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் கொடுத்தார், எங்கள் தெருவில் எல்லாரும் கொடுக்கிற சத்தம். படுத்திருந்த மாடு காதை முன்னால் மடக்கி, தலையைத் திருப்பி அவரையே பார்த்தது. சுற்றி நின்ற இருபது கைப்பேசிகளும் அவர் பக்கம் திரும்பின. அவருக்கு அது பிடிக்கவில்லை.

உள்ளே நின்ற பராமரிப்பாளர் தம்பி புதுக்கோட்டைப் பக்கம். இருவரும் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கால்மணி நேரம் பேசினார்கள். லிம் சூ காங் பண்ணையிலிருந்து லாரியில் வந்தவை, ரெண்டு கறவை, ஒன்று சினை. என்ன தீனி, எத்தனை கறக்கிறது, காம்பு நோய் வருகிறதா என்று ஒன்று விடவில்லை. ஆடுகளைப் பார்த்து, "இது நம்ம கன்னியும் இல்ல, கொடியும் இல்லயே" என்றார். கரிசல்காட்டுக் கன்னி ஆட்டுக்கு முகத்தில் இரண்டு பக்கமும் கோடு இறங்கும், கொடி ஆடு கால் உயர்ந்து வெள்ளையில் கருப்போ சிவப்போ தெளித்தாற்போல இருக்கும். இவை இரண்டும் இல்லை. என்ன வகை என்று ஒரு பலகை எழுதி வைத்திருக்கலாம். ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

இரண்டாவது விஷயம் ஒலிபெருக்கி. கொட்டிலுக்கு எதிரிலேயே பெட்டியை வைத்துப் பாட்டு. கன்று ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு அம்மா வயிற்றுக்கடியில் ஒண்டியது. "மாட்டுக்குக் காது இருக்குன்னு இவங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று அய்யா சத்தமாகவே கேட்டார். புதுக்கோட்டைத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் என்ன செய்வான்! ஒரு குழந்தை உருளைக்கிழங்கு சிப்ஸை நீட்டியது, அதன் அம்மா படமெடுத்தார். அதைத் தடுக்கவும் ஆள் வேண்டும்.

"இதுக்கு எத்தனை பல்லு தாத்தா?" என்று மகள் கேட்டாள்.

"இது பால்பல்லும்மா. பாக்கத்தான். சந்தைன்னா கயிறு கை மாறணும்." விற்ற ஆட்டைப் பழைய கயிற்றோடு எங்கள் பக்கம் கொடுக்க மாட்டார்கள். கயிறோடு போனால் பட்டியின் ராசியும் போய்விடுமாம். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி, பழையதை அவிழ்த்துத் திருப்பிக் கொடுப்பார். அதை அவளுக்குச் சொல்லிக்கொண்டே, கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கினார். விலை கேட்டு, கடைக்காரர் சொன்னதில் பாதியைச் சொல்லி, கடைக்காரர் அசையாமல் நிற்க, முழுதும் கொடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் தேக்கா அவரைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. மத்தியானம் வீடு திரும்பினால் குழம்பு வாசம் நடைபாதைவரை அடிக்கிறது. அய்யா தனியாகப் போயிருக்கிறார். நியூட்டனில் மாறுவதை என் மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாளாம். ஆறரைக்கே போய்க் கடை திறக்கும்வரை பாயோடு நின்று, ஒரு கோப்பை டீ குடித்து, முதல் போணியாக வாங்கியிருக்கிறார். முன்னங்கால், நெஞ்செலும்பு, ரெண்டு நல்லி. எல்லாம் கத்தியால் வெட்டியது. எலும்புத்தூள் இல்லை. கூடவே, பிளாஸ்டிக் பைக்குள் தனியாகக் கட்டி, ஒரு சுவரொட்டி.

"இது எப்படிக் கெடச்சுது? நான் பன்னெண்டு வருசமா கேக்குறேன்."

"நீ வாயால கேட்டிருப்ப."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "கையை நீட்டு" என்றார்.

நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக என் கை அந்தத் துண்டுக்குள் போனது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. என் விரல்களில் மூன்றைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். விட்டார். மறுபடியும் மூன்றைப் பிடித்தார்.

"முப்பத்து மூணு? ஒன்றரைக் கிலோவா?"

"ஒன்னே முக்கால்" என்றார் வாயால்.

மகள் ஓடிவந்து, "என்ன, என்ன, எனக்கும் காட்டுங்க" என்று துண்டைத் தூக்கப் பார்த்தாள். அய்யா குட்டவில்லை. அவள் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.